முதலில் வலி தீரட்டும்

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு இரண்டு வகை மருந்துகள் தேவைப்படுகின்றன. ஒன்று வலியைக் குறைப்பது. மற்றொன்று உறங்கவைப்பது. ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் இரண்டையும் சேர்த்து ‘மயக்கத்துல வெச்சிருக்கோம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ‘சரி, வலி தெரியாம தூங்குறார்’ என்று கேட்பவர்களும் ஆறுதல் அடைவார்கள். ஆனால் உறங்கவைக்கும் மருந்துகளில் பலவற்றுக்கு வலியைத் தீர்க்கும் குணம் இல்லை. மிடசோலம் மட்டும் ஏற்றப்பட்டுக் கண்மூடிக் கிடப்பவரின் உடல் வலியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை வெளியே காட்டும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். தீவிர சிகிச்சை மருத்துவம் கடந்த கால் நூற்றாண்டில் கற்றுக்கொண்ட முக்கியமான பாடங்களில் ஒன்று இது: முதலில் வலிக்கு மருந்து, அதன் பிறகும் தேவை இருந்தால், தேவையான அளவுக்கு மட்டும், உறக்கத்துக்கு மருந்து.

வலி எங்கிருந்து வருகிறது? நோயிலிருந்து வருவது ஒரு பங்கு என்றால், சிகிச்சையிலிருந்து வருவது இன்னொரு பங்கு. வாய் வழியாகக் குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் இறக்கப்படும் பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம் பெரியவர்களுக்கு 7 முதல் 8 மில்லிமீட்டர். ஆண்களுக்கு உதட்டிலிருந்து ஏறத்தாழ 23 சென்டிமீட்டர், பெண்களுக்கு 21 சென்டிமீட்டர் உள்ளே நிற்கும். குரல்நாண்களின் நடுவே அது நிற்பதால் நோயாளியால் ஒரு சொல்கூடப் பேச முடியாது. நாளில் பலமுறை அந்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பார்கள். செவிலியர்கள் ‘சக்‌ஷன்’ என்று சொல்லும் இந்த வேலையும், படுக்கைப்புண் வராமல் இருக்க உடலைப் புரட்டிப் போடுவதும் ஐ.சி.யூ.வில் நோயாளிக்கு அதிகம் வலிக்கிற தருணங்கள். காயத்துக்குக் கட்டு மாற்றுவது, நெஞ்சுக்குழாயை எடுப்பது, அசையாமல் கிடப்பதால் வரும் முதுகுவலி ஆகியவையும் இவற்றோடு சேரும். தீர்க்கப்படாத வலி இதயத்தை விரட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். விலா எலும்பு முறிந்தவர் வலிக்கு அஞ்சி இருமாமல் இருப்பார். அப்போது சளி தங்கி நுரையீரலில் தொற்று வரும்.

திருச்சியில் இந்தப் படுக்கைகளுக்கு வருகிறவர்கள் யார் என்பதைப் பார்த்தால் பிரச்சினை இன்னும் தெளிவாகும். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, 1997இல் தொடங்கப்பட்ட கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என்று நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர், வயலில் பாம்பு கடித்தவர், பூச்சிமருந்து விஷத்தால் மூச்சு நின்றவர், ஸ்ரீரங்கத்திலிருந்து நிமோனியாவோடு வரும் 80 வயதுப் பாட்டி ஆகிய நால்வரும் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கக்கூடும். நால்வருக்கும் தேவைப்படும் மயக்கத்தின் ஆழம் வேறு வேறு. எல்லோருக்கும் ஒரே சிரிஞ்ச் பம்பில் ஒரே அளவை ஓடவிடுவது சிகிச்சை ஆகாது.

கோபன்ஹேகனில் தொடங்கியது

ஐ.சி.யூ.வுக்குள் செயற்கை சுவாசமும் மயக்க மருந்தும் ஒன்றாகவே நுழைந்தவை. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைப் போலியோ தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் 27ஆம் தேதி, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் பொருத்தி, ரப்பர் பையை அழுத்திக் காற்றைச் செலுத்த முயன்றார். மூச்சுக்குத் தவித்த சிறுமி முரண்டினாள். காற்று உள்ளே போகவில்லை. தயோபென்டால் ஊசி போட்ட பிறகுதான் அவளது போராட்டம் அடங்கி, நுரையீரலுக்குள் காற்று இறங்கியது. அவள் பிழைத்தாள். மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைவைத்துப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே இப்சன் உலகின் முதல் ஐ.சி.யூ.க்களில் ஒன்றை அங்கே உருவாக்கினார்.

இயந்திரத்தோடு ஒத்துப்போகாமல் முரண்டும் நோயாளியை மருந்தால் அடக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தே பரவியது. அன்றைய இயந்திரங்கள் நோயாளியின் சொந்த மூச்சை உணராதவை; ஆகவே அந்த எண்ணத்தில் நியாயமும் இருந்தது. இன்றைய வென்டிலேட்டர் நோயாளி மூச்சிழுக்கத் தொடங்குவதைக் கண்டுணர்ந்து அதற்குத் துணைசெய்கிறது. இயந்திரம் மாறிவிட்டது, பழக்கம்தான் பல இடங்களில் மாறவில்லை.

மயக்க மருந்தே உயிருக்கு உலை வைக்கலாம் என்பதை 1983இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மருத்துவர்கள் எச்சரித்தார்கள். எட்டோமிடேட் தொடர்ந்து ஏற்றப்பட்ட விபத்து நோயாளிகளில் இறப்பு கூடியிருந்தது. அந்த மருந்து அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் உற்பத்தியை முடக்குவது பின்னர் உறுதியானது. ஒருமுறை போடும் ஊசியாகப் பயன்படும் ஒரு மருந்து, நாள்கணக்கில் ஓடினால் வேறு முகம் காட்டும்.

எந்த மருந்து, எதற்கு

வலிக்கு முதன்மையானவை அபின் வழி வந்த மார்ஃபினும், ஆய்வகத்தில் உருவான ஃபென்டனிலும். ஃபென்டனில் மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியம் உள்ளது. அதனால் அதை மைக்ரோகிராமில் அளக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவுப்பொருள் உடலில் தேங்கி மயக்கத்தை நீட்டிக்கும் என்பதால் அங்கே ஃபென்டனில் பொருத்தமானது. இரண்டுமே மலச்சிக்கலைக் கொண்டுவரும், குடலின் அசைவை மந்தமாக்கும். பாராசிட்டமாலையும் சிறு அளவில் கெட்டமைனையும் சேர்த்துக் கொடுத்தால் இவற்றின் தேவை குறையும். விலா முறிவு போன்ற இடங்களில் நரம்பருகே மரப்பு ஊசி போடுவது இன்னும் நல்ல வழி.

இந்தியாவில் இந்த மருந்துகளின் கதை சட்டத்தோடு பின்னியது. உலகின் மருந்துத் தேவைக்காகச் சட்டப்படி அபின் பயிரிடும் நாடுகளில் இந்தியா முக்கியமானது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகளால், உள்நாட்டு மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைப்பதே அரிதானது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபினும் ஃபென்டனிலும் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் வேரூன்றிய தயக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. வலி மருந்து தர அஞ்சி உறக்க மருந்தைக் கூட்டுவது அந்தத் தயக்கத்தின் எச்சம்.

உறக்கத்துக்கான மருந்துகளில் மிடசோலம் மலிவானது, எங்கும் கிடைப்பது. அரசு மருத்துவமனை முதல் சிறிய நர்சிங் ஹோம் வரை அதுவே கைமருந்து. ஆனால் நாள்கணக்கில் ஓடினால் கொழுப்பில் படிந்துவிடும். நிறுத்திய பிறகும் நோயாளி கண்விழிக்க நாட்கள் ஆகலாம், மனக்குழப்பமும் கூடுதல். புரோபஃபால் பால் போல வெண்மையானது; சோயா எண்ணெயில் முட்டைக்கரு லெசித்தின் சேர்த்த குழம்பு. நிறுத்தியதும் விரைவில் தெளியும். ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும். ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1.1 கலோரி இருப்பதால் உணவுக் கணக்கையும் திருத்த வேண்டும். கிருமி எளிதில் வளரும் என்பதால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூபை மாற்ற வேண்டும். அதிக அளவில் நீண்ட நேரம் ஓடினால் இதயத்தையும் தசைகளையும் சிதைக்கும் அரிய ஆபத்தும் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் வேறு வகை. கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கே அது உறங்கவைக்கும், மூச்சை அடக்காது, வலியையும் ஓரளவு குறைக்கும். நாடித்துடிப்பை இறக்கிவிடுவது அதன் குறை. 4,000 நோயாளிகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், இதைத் தொடக்கத்திலேயே கொடுத்தவர்களுக்கும் வழக்கமான மருந்துகள் பெற்றவர்களுக்கும் 90 நாள் இறப்பில் வேறுபாடு இல்லை. விலை உயர்ந்த மருந்து இல்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் நல்ல சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. மருந்தின் பெயரைவிட அதை அளந்து கொடுக்கும் முறைதான் பெரிது.

பேசாதவரின் வலியை அளப்பது

வலியை நோயாளி சொல்லித்தான் அறிய வேண்டும். சொல்ல முடியாதவரிடம் முகத்தையும் உடலையும் படிக்க வேண்டும். 2001இல் பிரான்சில் உருவான ஓர் அளவுகோல் முகச்சுளிப்பு, கைகளின் அசைவு, இயந்திரத்தோடு ஒத்துப்போகும் விதம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் கொடுக்கிறது. குறைந்தது 3, அதிகம் 12. 5ஐத் தாண்டினால் வலி இருக்கிறது என்று கொண்டு மருந்து தர வேண்டும். நாடியும் ரத்த அழுத்தமும் உயர்வதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அவை கவனமாகப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள், அவ்வளவுதான்.

உறக்கத்தின் ஆழத்துக்கு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் உருவான அளவுகோல் இன்று பரவலாகப் புழங்குகிறது. அமைதியாக விழித்திருப்பவருக்கு 0. தாக்க வருமளவு கொந்தளிப்பவருக்குக் கூட்டல் 4. தொட்டு அசைத்தாலும் எந்த அசைவும் இல்லாதவருக்குக் கழித்தல் 5. பெரும்பாலான நோயாளிகளுக்கு இலக்கு 0 முதல் கழித்தல் 2 வரை. அதாவது பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு செவிலியரின் ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தச் செவிலியர் இருக்க வேண்டுமே! வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. அதை எட்டாத இடத்தில், குறிப்பாக இரவுப் பணியில், ஆழ்ந்த மயக்கம் ஆள் பற்றாக்குறைக்கு ஈடாகிவிடுகிறது. இதற்குச் செவிலியரைக் குறை சொல்வது அநியாயம். பணியிடங்களை நிரப்ப வேண்டியவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆழ்ந்த மயக்கம் தவிர்க்க முடியாத நேரங்களும் உண்டு. மூளையில் அழுத்தம் ஏறிய தலைக்காயம், நிற்காத வலிப்பு, ரணஜன்னி, குப்புறப் படுக்கவைக்க வேண்டிய அளவுக்கு மோசமான நுரையீரல் பாதிப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம், அட்ரகூரியம் போன்ற மருந்துகளைக் கொடுக்கும்போது ஆழ்ந்த மயக்கமும் வலி நிவாரணமும் கட்டாயம். அவை அசைவை நிறுத்துமே தவிர உணர்வை நிறுத்தாது.

மற்றவர்களுக்கு மயக்கத்தை நாள்தோறும் நிறுத்திப் பார்ப்பதே நல்லது என்பதைச் சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2000இல் காட்டியது. தினமும் காலையில் மருந்தை நிறுத்தி விழிக்கவிட்டவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது சராசரியாக 4.9 நாட்கள்; மற்றவர்கள் 7.3 நாட்கள். ஐ.சி.யூ.வில் கழித்த காலம் 9.9 நாட்களிலிருந்து 6.4 நாட்களாகக் குறைந்தது. எட்டாண்டுகள் கழித்து 336 பேரிடம் நடந்த ஆய்வில், மயக்கத்தை நிறுத்துவதையும் தானாக மூச்சுவிடச் சொல்லிச் சோதிப்பதையும் இணைத்தபோது ஓராண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் கூடினார்கள். பின்வந்த ஆய்வுகள், தொடக்கம் முதலே லேசான மயக்கத்தில் வைத்திருந்தால் தினசரி நிறுத்தம் கூடுதல் பலன் தரவில்லை என்றும் சொல்கின்றன. இரண்டின் சாரமும் ஒன்றே: தேவைக்கு மேல் ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம். நகையை அடகு வைத்துத் தனியார் ஐ.சி.யூ.வுக்குப் பணம் கட்டும் குடும்பத்துக்கு அந்த மூன்றரை நாட்கள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

கட்டுவிரியனும் பூச்சிமருந்தும்

காவிரிப் படுகையின் மருத்துவமனைகளுக்கு மேலைநாட்டுப் பாடநூல்கள் அதிகம் பேசாத இரண்டு நோயாளிகள் உண்டு.

முதலாமவர் கட்டுவிரியன் கடித்தவர். இரவில் தரையில் படுத்திருக்கும்போது நேரும் கடி. பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. சில மணி நேரத்தில் இமை சரியும், நாக்குக் குழறும், பின் மூச்சே நிற்கும். விஷம் நரம்பு முனைகளையே சிதைப்பதால், விஷமுறிவு மருந்து கொடுத்த பின்னும் தசைகள் மீள நாட்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டரே கதி. கண் திறக்காது, விரல் அசையாது, விளக்கடித்தால் கண்மணிகூடச் சுருங்காது. மூளைச்சாவு என்று தவறாகக் கருதப்பட்ட நேர்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவருடைய மூளை விழித்திருக்கலாம். கட்டிலருகே பேசுவது கேட்கும். சக்‌ஷன் போட்டால் வலிக்கும். இவர் முரண்டு பிடிக்க மாட்டார். அதனாலேயே வலி மருந்து மறக்கப்படும் ஆபத்து இவருக்குத்தான் அதிகம். முகமும் கையும் அசையாதவரிடம் மேலே சொன்ன அளவுகோல்கள் எவையும் பயன்படாது. வலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மருந்து தர வேண்டும். கண்ணீர், வியர்வை, திடீரெனக் கூடும் நாடி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எதைச் செய்யும் முன்பும் காதருகே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். உலராமல் இருக்கக் கண்களை மூடிப் பாதுகாக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. எண்ணிக்கை இனித் தெரியவரும். அந்த எண்ணிக்கைக்குள் இப்படி விழித்தபடி கிடந்தவர்களும் இருப்பார்கள்.

இரண்டாமவர் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து விஷத்தால் வந்தவர். இவருக்கு அட்ரோபின் முக்கிய மருந்து. அது அளவு மிஞ்சினால் தோல் வறண்டு, காய்ச்சல் ஏறி, நாடி பறந்து, நோயாளி காற்றில் எதையோ பிடிப்பது போலக் கைகளை அலையவிடுவார். இதை வெறும் கொந்தளிப்பு என்று எண்ணி மிடசோலத்தை ஏற்றுவது தவறு. அட்ரோபினைக் குறைப்பதே மருந்து. வலிப்பு வந்தால் மட்டும் மிடசோலமோ டயசிபாமோ உடனே வேண்டும். விஷம் சேர்ந்த 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசை துவண்டு மீண்டும் மூச்சுத் திணறும் நிலையை, இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் உலகுக்கு விவரித்தார்கள். அப்போது நோயாளி முழு நினைவோடு இருப்பார்; ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருந்தால் அந்தத் துவளலைக் கண்டுபிடிக்கவே முடியாது. விழித்தபின் இவருக்கு மனநல மருத்துவரின் துணையும், குத்திக்காட்டாத உறவினரும் வேண்டும்.

கொந்தளிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு; அதைக் குடும்பத்தார் பல நேரம் மறைக்கிறார்கள். தினமும் மது அருந்தியவர் அனுமதியான இரண்டாம் மூன்றாம் நாளில் நடுங்கி, வியர்த்து, குழாயைப் பிடுங்க முற்படலாம். மது நின்றதால் வரும் கொந்தளிப்புக்கு, மற்ற நேரத்தில் தவிர்க்கச் சொல்லும் மிடசோலம் வகை மருந்துகளே சரியான சிகிச்சை. மருத்துவருக்கு உண்மை தெரிந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

குழப்பமும் கைக்கட்டும்

வென்டிலேட்டர் நோயாளிகளில் மிகப் பலருக்கு டெலிரியம் எனும் மனக்குழப்பம் வருகிறது. இருக்கும் இடமும் நேரமும் தெரியாமல் போகும். இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும். ஊசி போட வரும் செவிலியர் கொல்ல வருபவராகத் தெரிவார். கூச்சல் போடுபவரைக் கண்டுபிடித்துவிடலாம். சத்தமில்லாமல் வெறித்தபடி கிடப்பவரை ‘அமைதியாக இருக்கிறார்’ என்று விட்டுவிடுவார்கள். அந்த வகைதான் அதிகம். கொரோனா காலத்தில் 14 நாடுகளில் 2,088 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தக் குழப்பம் இருந்தது. மிடசோலம் வகை மருந்து ஓடியவர்களுக்கு ஆபத்து கூடியது. குடும்பத்தார் நேரிலோ காணொலியிலோ வந்து பார்த்தவர்களுக்கு அது 27 சதவீதம் குறைவு.

ஸ்ரீரங்கத்துக்கு இந்த எண் மிகவும் பொருந்தும். சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே வாழும் முதியோர் பலர். மூச்சுத் திணறல் முற்றினால் காவிரிப் பாலத்தைக் கடந்து நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். அவசரத்தில் மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டிலேயே தங்கிவிடும். பார்க்கவும் கேட்கவும் முடியாத முதியவர் விளக்கணையாத அறையில் விழித்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? அந்த இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து கொடுப்பது, பகலில் சாளரத்தைத் திறப்பது, இரவில் விளக்கைத் தணித்து அலாரச் சத்தத்தைக் குறைப்பது, ‘பாட்டி, நீங்க திருச்சி ஆஸ்பத்திரில இருக்கீங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமை’ என்று சொல்வது, படுக்கையில் உட்காரவைப்பது ஆகியவையே இங்கே மருந்து. பேச முடியாதவருக்கு ஆங்கில எழுத்து அட்டையைக் காட்டிப் பயனில்லை. 247 தமிழ் எழுத்துகளையும் ஒரே அட்டையில் அடைத்தால் நடுங்கும் விரல் தேடிக் களைத்துவிடும். தண்ணீர், வலி, சளி, சிறுநீர், வீட்டார் என்று படம் போட்ட அட்டையே நடைமுறைக்கு ஏற்றது.

கையைக் கட்டிலோடு கட்டுவது நம் மருத்துவமனைகளில் சாதாரணமாகிவிட்டது. குழாய் பிடுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் கட்டு குழப்பத்தைக் கூட்டுகிறது, மணிக்கட்டைப் புண்ணாக்குகிறது. வலி தீர்ந்ததா, மூச்சு சரியாகக் கிடைக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசி வழியாக, குறைந்த நேரத்துக்கு மட்டும் கட்டலாம்; அதையும் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். குழாய் எடுக்கப்பட்டு வீடு திரும்பிய பிறகும் சிலருக்குக் கெட்ட கனவுகளும் பயமும் மாதக்கணக்கில் தொடரும். ‘பொழச்சு வந்தியே, போதாதா?’ என்று வாயடைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நிலை அது.

மீள வழியில்லை என்று தெரிந்து, குடும்பத்தின் ஒப்புதலோடு செயற்கை சுவாசத்தை விலக்கும் நேரத்திலும் வலி மருந்து நிற்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023இல் எளிமையாக்கிய நெறிமுறையில் அமைதியான இறப்புக்கு இடம் உண்டு. மூச்சுத் திணறலையும் வலியையும் தீர்க்கும் மருந்துகள் கடைசி நிமிடம் வரை ஓட வேண்டும்.

ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: வலிக்கு என்ன மருந்து ஓடுகிறது? மயக்கம் எந்த அளவில் இருக்கிறது? இன்று அதைக் குறைத்துப் பார்ப்பீர்களா? நோயாளியின் குடிப்பழக்கத்தையும், வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது அவருடைய கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள்.